கண்ணாடிக்கு வைத்த பொட்டு

பொட்டு வைத்திருக்கிறார்கள். எதற்குத்தான் வைப்பது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா. கலவை மெஷினுக்கு வைத்தார்கள், சரி. ரசமட்டத்துக்கு, தூக்குக்குண்டுக்கு, மண்வெட்டிக்கு, தண்ணீர் டிரம்முக்கு, ஜமீன்தாரின் துருப்பிடித்த பீரங்கிக்குக்கூட, எல்லாம் சரி. நாளைக்கு ஆயுத பூஜை, அரசு விடுமுறை. அதனால் இன்று காலையிலேயே பூஜையை முடித்து, வாசலில் பூசணிக்காயை உடைத்துவிட்டு, மேஸ்திரியும் ஆட்களும் மதியத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். எனக்கென்று ஒரு பொரிகடலைப் பொட்டலத்தை நாற்காலியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அதுவும் சரி. ஆனால் சுவரில் ஒட்டியிருக்கும் கண்ணாடிக்கு எந்த ஊரிலாவது பொட்டு வைப்பார்களா. விரல் அகலக் கண்ணாடி. கல்லூரி ஆய்வகத்தில் வெங்காயத் தோலை வைத்துப் பார்ப்பார்களே, அந்தக் கண்ணாடிதான். சுவரில் விரிசல் ஓடுகிற இடத்தில் குறுக்காக வைத்து, இரண்டு முனையிலும் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். சுவர் ஒரு மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். உடைவது அதன் வேலை, உடைந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. கீழே தூண்களில் இதேபோல ஒட்டியிருக்கும் கண்ணாடிகளில் ஓரமாகத்தான் பொட்டு இருக்கிறது; பார்க்க முடிந்தது, பார்த்துவிட்டேன், உடையவில்லை. கூடத்தின் நடுவில் நிற்கும் பெரிய வளைவின் உச்சியில் இருக்கிறதே, எல்லாவற்றிலும் முக்கியமானது, அதில் மட்டும் யாரோ பக்தி முற்றிப்போய்ச் சந்தனத்தை முழுசாக அப்பி, நடுவில் குங்குமத்தை வைத்து அழுத்தியிருக்கிறார்கள். கீழேயிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மஞ்சளும் சிவப்பும்தான் தெரிகிறது.

அந்த வளைவுக்குக் கீழேதான் ஜனங்கள் போய் வருகிறார்கள். போய் வரட்டும் என்று பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டவள் நான், உதவிப் பொறியாளர் பிரம்மசக்தி. பேர் மட்டும் பெரிசு. வடமலைச்சேரி ஜமீன்தார் ஒரு காலத்தில் தர்பார் நடத்திய கூடம் இது, இப்போது அருங்காட்சியகம். தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மச்சுக் கூரை. மழைத் தண்ணீர் இறங்கி இறங்கி உத்திரங்களின் முனை சுவருக்குள்ளேயே மக்கிவிட்டது. ஒரு பாதியைத் தகரம் வைத்து அடைத்து அங்கே வேலை, மறு பாதியில் ஜனங்கள். முடிந்ததும் இடம் மாற்றிக்கொள்வது. இதுதான் என் திட்டம். மூடிவிட்டு வேலை பார்த்தால் எனக்கு ஒரு தொந்தரவும் கிடையாது, செயற்பொறியாளர் அதைத்தான் சொன்னார். "மூடிட்டு நிம்மதியா வேலையப் பாருங்கம்மா. முடிச்சதும் திறந்துக்கிடலாம்." திறந்துக்கிடலாம். இந்தச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். இந்த ஊரில் நீச்சல் குளத்தை மராமத்துக்கு என்று மூடினார்கள், இன்றைக்கு அதில் எருமை படுத்திருக்கிறது. வாசகசாலையை வெள்ளையடிக்க மூடினார்கள், வெள்ளையும் அடித்தார்கள், பூட்டின பூட்டு பூட்டினபடி கிடக்கிறது. மூடுவதற்கு ஓர் ஆள் போதும், திறப்பதற்குத்தான் யாருக்கும் நினைப்பு வராது. அப்பா இருந்திருந்தால் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார். அப்பா சோமு டாக்கீஸில் டிக்கெட் கிழித்தார். கூரை மாற்ற வேண்டும், கொஞ்ச நாள் மூடுகிறோம், வேலை முடிந்ததும் ஆள் அனுப்புகிறேன் என்று முதலாளி சொன்னார். அப்பா அதை நம்பினார். அம்மா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள், "சும்மா கெடக்கதுக்கு ஒரு கடையில போய் நில்லுங்களேன்" என்று. "நான் போய்ட்டா, திறக்கும்போது அங்க யாரு நிப்பா?" என்பார். தெருவில் சைக்கிள் மணி அடித்தால் எழுந்து வாசலுக்குப் போவார். ஆள் வரவேயில்லை. அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் கூரை அப்படியே திறந்துதான் கிடந்தது.

சரி, இப்போது எதற்கு அப்பா. சந்தனத்துக்கு வருவோம். நேற்றுச் சாயங்காலம் பார்த்தபோது கண்ணாடி முழுசாக இருந்தது. தினமும் காலையில் வந்ததும் முதல் வேலையாகச் சாரத்தில் ஏறிப் பார்ப்பேன். இன்றைக்குக் காலையில் நேரே ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டார்கள், அதனால் பார்க்கவில்லை. ஆபீசில் அதே பல்லவி. மழை வரப்போகுது, பேசாம மூடிருவோம், ஏதாவது ஆச்சுன்னா பத்திரிகைக்காரனுக்கு யார் பதில் சொல்லுறது. நான் கோயில் கதையைச் சொன்னேன். கும்பாபிஷேகத்துக்கு முன்னால் மூலவரைப் பாலாலயம் என்கிற தற்காலிகச் சந்நிதியில் வைத்து, பூஜை ஒரு பக்கம் நடக்கிறது, திருப்பணி ஒரு பக்கம் நடக்கிறது, கோயிலை யாராவது மூடுகிறார்களா சார் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், செயற்பொறியாளரும் சிரித்தார். "அங்க சாமி பாத்துக்கிடும். இங்க நீங்கதாம்மா பாத்துக்கிடணும்." பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் சார், இதுவரை ஒரு கண்ணாடிகூட உடையவில்லை என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். அந்த நேரத்துக்கு இங்கே யாரோ சந்தனம் குழைத்துக்கொண்டிருந்திருப்பார்கள். சரி சரி, நடத்துங்க என்று விட்டுவிட்டார். படியிறங்கி வரும்போது எனக்குப் பாட்டுப் பாட வேண்டும்போல இருந்தது. ஜெயித்துவிட்டு வந்தவளுக்கு இங்கே வரவேற்பு இந்தப் பொட்டு.

ஏறிப் பார்த்தால் தெரிந்துவிடும். சாரம் வளைவை ஒட்டித்தான் நிற்கிறது, ஏணி இருக்கிறது, கையில் துணி இருக்கிறது. ஏறித் துடைத்தால் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் ஜனங்கள் நடக்கும்போது இன்ஜினியர் அரக்கப்பரக்க ஏறினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள். ஒருத்தன் போனைத் தூக்கிப் படம் பிடிப்பான், சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க ஜமீன் கூடம் இடிகிறது என்று போய்விடும். ஐந்து மணிக்குப் பூட்டியதும் ஏறிக்கொள்ளலாம். ஐந்து மணிக்கு என்ன, அதுவரை என்ன ஆகிவிடப் போகிறது. இன்றைக்கு மேலே வேலையே இல்லை, தட்டல் இல்லை, பாரம் ஏற்றவில்லை, இறக்கவில்லை. சுவர் அசைய ஒரு காரணமும் இல்லை. நேற்று மச்சிலிருந்து இறக்கிய பாரத்துக்கு இன்றைக்கு அசையும், அது வேறு விஷயம். சுண்ணாம்புக் கட்டடம் உடனே எதையும் காட்டிக்கொள்ளாது, நாள் கழித்துத்தான் காட்டும் என்று நானே எனக்குக் கீழே வேலை பார்ப்பவர்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். அதை இப்போது எதற்கு நினைப்பது. பொரியைத் தின்னலாம். பொரி நமுத்துவிட்டது. கடலை நன்றாக இருக்கிறது, வெல்லம் கொஞ்சம் கூடுதல். ஐந்து மணிக்கு ஏறிக்கொள்ளலாம்.

கூடத்தில் நல்ல கூட்டம் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் வெயில் நேரத்தில் இங்கே எப்போதும் ஆள் இருக்கும். வாளையும் பல்லக்கையும் பார்க்கவா வருகிறார்கள். சந்தைக்கு வந்தவர்கள் பஸ் வருகிறவரை உட்கார வருகிறார்கள். அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் ஜன்னல் ஓரமாகப் புத்தகத்தை விரிக்கிறார்கள். மூலையில் கண்ணாடி ஜாடிக்குள் மிதக்கிற இரட்டைத் தலைக் கன்றுக்குட்டியைப் பார்த்துவிட்டு, ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு, மறுபடியும் போய்ப் பார்க்கிறார்கள். ஒரு பையனும் பெண்ணும் நாணயப் பெட்டிக்கு முன்னால் வெகுநேரமாக நிற்கிறார்கள்; அந்தப் பெட்டியில் அவ்வளவு பார்க்க ஒன்றும் இல்லை. பார்க்கட்டும். வாசலில் டிக்கெட் மேஜையில் வடிவு அக்கா. டிக்கெட் கொடுப்பதும் அவள்தான், கூட்டுவதும் அவள்தான், தொடாதீங்க தொடாதீங்க என்று கத்துவதும் அவள்தான். தினக்கூலி. திறந்திருக்கிற நாளுக்குத்தான் கூலி, மூடிய கூடத்துக்கு டிக்கெட் மேஜை எதற்கு. வேலை ஆரம்பித்த புதிதில் தினமும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். "மூடிருவியளா மேடம்?" "மூட மாட்டோம் அக்கா." மறுநாளும் அதே கேள்வி. ஒருநாள் பொறுக்க முடியாமல் அவளைக் கூட்டிக்கொண்டுபோய்க் கண்ணாடியைக் காட்டினேன். "இந்தக் கண்ணாடி உடையாத வரைக்கும் மூட மாட்டோம். போதுமா?" அதற்குப் பிறகு கேட்கவில்லை. தூண்களில் இருக்கிற கண்ணாடிகளை மட்டும் தினமும் ஈரத்துணியால் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள். துடைக்க வேண்டாம் அக்கா என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் செய்கிறதைப் பார்த்தால் சொல்ல மனம் வரவில்லை.

வளைவுக்கு நேர் கீழே தரையில் வெள்ளையாக என்னவோ கிடக்கிறது. இவ்வளவு நேரம் இது என் கண்ணில் படவில்லையா, அல்லது பட்டும் நான் அந்தப் பக்கம் திரும்பவில்லையா. ஒரு பிடி இருக்கும். மேலேயிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தால் இப்படித்தான் விழும், மெல்லிசாக, நேராக. எழுந்து போய்ப் பார்க்க வேண்டியதுதான். கால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. பூஜைக்குக் கோலம் போட்டிருப்பார்கள், மிதித்துக் கலைத்திருப்பார்கள். கோலம் போட்டால் வாசலில் போடுவார்கள், வளைவுக்குக் கீழேயா போடுவார்கள். ஏன் போடக் கூடாது, கண்ணாடிக்கே பொட்டு வைக்கிறவர்கள். போனேன். காலணி நாடாவைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து விரலால் தொட்டேன். சொரசொரப்பாக இல்லை, மாவாக இருக்கிறது. சுண்ணாம்பும் மாவாகத்தான் இருக்கும். நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒரு பொறியாளர் அரசாங்கக் கட்டடத்தின் தரையை நக்கிப் பார்ப்பதை யாராவது படம் பிடித்திருந்தால் அதுவே போதும். சுடவில்லை, அரிக்கவில்லை, பச்சரிசி மாவு. ஓரத்தில் எறும்புகூட வந்திருக்கிறது. கோலம்தான். வந்து உட்கார்ந்த பிறகு பார்த்தால் விரலில் ஒட்டிய மாவைத் துணியால் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். வெறும் அரிசி மாவுக்கு இவ்வளவு பயந்தேன் என்றால் எனக்குள் என்னதான் இருக்கிறது. பயம் இருக்கிறது. சொல்லிவிட வேண்டியதுதான், பயமாகத்தான் இருக்கிறது. கூட்டமோ போனோ காரணம் இல்லை. சந்தனம் இருக்கிற வரைக்கும் எனக்கு ஒன்றும் தெரியாது, தெரியாத வரைக்கும் கூடம் திறந்திருக்கும், அவ்வளவுதான். யார் வைத்தார்களோ, எனக்கு ஒரு சாக்கையும் சேர்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

உடைந்திருந்தால் என்ன செய்வேன். முதலில் அதை யோசித்து வைத்துக்கொள்ளலாம். உடைந்திருந்தால் புதுக் கண்ணாடி ஒட்டி, முட்டுக் கொடுத்து, சுவர் எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க வேண்டும். முட்டுக் கொடுத்தால் வளைவுக்குள் ஆள் போக முடியாது. ஆள் போக முடியாவிட்டால் மூட வேண்டும். மூடினால் மழை வரும், மழை வந்தால் வேலை நிற்கும், வேலை நின்றால் காண்ட்ராக்டர் வேறு இடத்துக்கு ஆளை எடுத்துக்கொண்டு போவார், அப்புறம் புது அதிகாரி வருவார், இது என்ன கட்டடம் என்று கேட்பார். எல்லாம் எனக்கு ஒரு படம் பார்க்கிற மாதிரி தெரிகிறது, இடைவேளைகூட இல்லாத படம். வடிவு அக்கா எங்கே போவாள். அவள் ஒன்றும் அப்பா இல்லை, ஆள் வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டாள், ஏதாவது வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவாள். போகிற வழியில் ஒருவேளை இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். இல்லை, உடைந்திருக்காது. நேற்றுவரை உடையாதது இன்றைக்கு ஏன் உடைய வேண்டும். மணி என்ன ஆகிறது. மணியைப் பார்க்காமல் இருப்போம்.

"இங்கன பிள்ளையப் படுக்கப் போடலாமா, மேடம்?"

கைக்குழந்தையோடு ஒரு பெண், என்னைத்தான் கேட்கிறாள். தோளில் பெரிய பை, முகமெல்லாம் வியர்வை. கணவன் பிளாஸ்டிக் பையோடு பல்லக்கைச் சுற்றிக்கொண்டிருக்கிறான். "பஸ்சு நாலரைக்குத்தான். வெளிய வெக்கை தாங்கல. இங்கனதான் காத்து சிலுசிலுன்னு வருது" என்கிறாள். அவள் காட்டுகிற இடம் வளைவுக்கு நேர் கீழே. உண்மைதான், கூடத்தில் வேறெங்கும் இப்படிக் காற்று வராது, இந்தப் பக்கத்து ஜன்னலில் நுழைந்து வளைவு வழியாக அந்தப் பக்கம் போகும். கட்டினவன் தெரிந்துதான் கட்டியிருக்கிறான். "படுக்கப் போடுங்க" என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. இவ்வளவு நாளும் வந்தவர்களுக்கெல்லாம் இதைத்தானே சொன்னேன், உட்காருங்க, படுங்க, திறந்துதான் இருக்கு. அவள் துண்டை விரித்துக் கோல மாவின் மேலேயே குழந்தையைக் கிடத்தினாள். குழந்தை ஒருமுறை கையைக் காலை உதைத்துவிட்டு, மேலே பார்த்தது. நேரே அந்த மஞ்சள் புள்ளியைத்தான் பார்க்கிறது என்று தோன்றியது. அந்த வயதில் அதற்கு என்ன தெரியும், வெளிச்சத்தைப் பார்த்திருக்கும். இமை கனத்து மூடியது. என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பொட்டலத்தைக் கீழே வைத்தேனா எறிந்தேனா தெரியவில்லை, பொரி சிதறியது. "அம்மா, பிள்ளைய எடுத்துக்கிட்டுச் செத்த நேரம் அந்த ஜன்னல் பக்கம் போங்க. மேல கொஞ்சம் துடைக்கணும், தூசி விழும்." அவள் தூங்குகிற குழந்தையைத் துண்டோடு அள்ளிக்கொண்டு போனாள்.

ஏணியில் ஏறும்போது வழக்கம்போல இடது கையால் சுவரைத் தொட்டுக்கொண்டே ஏறினேன். சுவர் குளிர்ச்சியாக இருந்தது. இந்தச் சுவரோடு எனக்கு இப்போது வீட்டு ஆளைவிட அதிகப் பழக்கம். எங்கே பூச்சு பொள்ளல், எங்கே செங்கல் கெட்டி, எங்கே தண்ணீர் இறங்கிய கறை, கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பழக்கம் இருந்து என்ன, உள்ளுக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லாது. மேல் பலகையில் நின்றேன். கண்ணாடி முகத்துக்கு நேரே இருக்கிறது. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. காய்ந்த சந்தனத்தில் சின்னச் சின்னக் கோடுகள், நாலு பக்கமும். இதில் எது சந்தனத்தின் வெடிப்பு, எது கண்ணாடியின் வெடிப்பு. சந்தனத்தினுடையதாகவே இருக்கட்டும் என்று துணியை எச்சில் தொட்டுத் துடைத்தேன். பொட்டை அழிக்கும்போது மனசு ஒரு கணம் கூசத்தான் செய்தது, என்ன படித்தால் என்ன. குங்குமம் துணியில் வந்தது, அப்புறம் மஞ்சள், அப்புறம் கண்ணாடி. ஒரு கோடு மட்டும் துணியோடு வரவில்லை. நகத்தால் கீறிப் பார்த்தேன். நகம் அந்த இடத்தில் மாட்டியது. மறுபடியும் கீறினேன், மறுபடியும் மாட்டியது. உடைந்திருக்கிறது. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, விரிசலுக்கு நேர் மேலே, சுத்தமாக.

விசித்திரம் என்னவென்றால் எனக்குப் படபடப்பு அடங்கிவிட்டது. கீழே இருந்தபோது இருந்ததில் பாதிகூட இல்லை. கீழே பார்த்தேன். வடிவு அக்கா சாரத்துக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள், கையில் விளக்குமாறு.

"இந்தக் கண்ணாடிக்குப் பொட்டு வச்சது யாரு அக்கா?"

"நாந்தான் மேடம்." அதைச் சொல்வதில் அவளுக்கு ஒரு தயக்கமும் இல்லை. "எல்லாரும் அவங்கவங்க சாமானுக்கு வச்சாங்க. நம்மளக் காப்பாத்துதது இதுதானேன்னு நான் இதுக்கு வச்சேன். மேல உள்ளதுக்கு மட்டும் யாரும் வைக்கல, மேஸ்திரி ஆளுக பொரி தின்னும்போது நானே ஏறி வச்சுட்டு வந்தேன்." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "என்ன மேடம்?"

"உடைஞ்சிருக்கு."

விளக்குமாற்றை மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்தாள். பிறகு சொன்னாள்: "நாந்தான் உடைச்சிருப்பேன். சந்தனம் நிக்கல, வழுக்கி வழுக்கி வந்துச்சு, கட்டை விரல வச்சு ஒரு அமுக்கு அமுக்கினேன். அப்பவே லேசா டிக்குன்னு ஒரு சத்தம் கேட்ட மாதிரிதான் இருந்துச்சு. சுவரு ஒண்ணும் பண்ணல மேடம். நான் பண்ணினதுதான்."

டிக்கென்று ஒரு சத்தம். இருக்கலாம். மெல்லிய கண்ணாடி, கட்டை விரலால் அழுத்தினால் உடையத்தான் செய்யும். அப்படியானால் சுவர் சுவராக இருக்கிறது, வளைவு வளைவாக இருக்கிறது. புதுக் கண்ணாடி ஒன்றை ஒட்டிவிட்டுக் கீழே இறங்கி மிச்சப் பொரியைத் தின்னலாம். செயற்பொறியாளரிடம் சொல்லவே வேண்டாம். சொன்னாலும் சிரிப்பார். ஆனால் விரலால் அழுத்தி உடைந்தால் கோணல்மாணலாக அல்லவா உடையும், நட்சத்திரம் மாதிரி. இது நேராக இருக்கிறது. நேராகவும் உடையலாம், கீழே விரிசல் இருக்கிற இடத்தில் பிடிமானம் இல்லை, அழுத்தினால் அங்கேதானே உடையும். அப்படியும் சொல்லலாம், இப்படியும் சொல்லலாம். உடைந்த கண்ணாடிக்கு உடைந்தேன் என்று மட்டும்தான் சொல்லத் தெரியும், யாரால் என்று சொல்லத் தெரியாது. இவளுக்குத் தெரியும். இவள் சொல்வது நிஜமாக இருந்தால். பொய்யாக இருந்தால், இதைவிட அழகாக ஒருத்தி பொய் சொல்ல முடியாது, நானே சொல்லிக் கொடுத்திருந்தாலும் இப்படி வந்திருக்காது. அவள் கண்ணைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள், கண்ணை எடுக்கவில்லை. நம்பிவிடேன் என்று ஒரு குரல் என் காதிலேயே சொன்னது, வேறு யாருடையதும் இல்லை, என்னுடையதுதான். நம்பலாம். நம்பினால் எல்லோருக்கும் நல்லது. ஜன்னல் ஓரத்தில் அந்தப் பெண் குழந்தையைத் தட்டிக்கொண்டே இந்தப் பக்கம் பார்க்கிறாள், துடைத்து முடித்துவிட்டார்களா, திரும்ப வரலாமா என்று.

இறங்கினேன். பதறாமல், ஒவ்வொரு படியாக. தரையில் கால் பட்டதும் சொன்னேன், "அக்கா, எல்லாரையும் வெளிய அனுப்புங்க." குரல் நன்றாகத்தான் வந்தது.

"அஞ்சு மணி ஆகலியே."

"ஆகல. அனுப்புங்க. யாரும் வளைவு வழியா வர வேண்டாம், அங்கங்க இருக்கிற கதவு வழியாவே போகட்டும்."

அவள் வாசல் பக்கம் திரும்பி, தினமும் சாயங்காலம் கூப்பிடுகிற அதே ராகத்தில் கூப்பிட ஆரம்பித்தாள். "நேரம் ஆச்சு, எல்லாரும் வெளிய வாங்க. தம்பி, புஸ்தகத்த மூடுங்க. ஏ, ஜாடியத் தொடாத." யாரும் பயப்படவில்லை. படிக்கிற பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்கள். நாணயப் பெட்டி ஜோடி கடைசிவரை ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டு நடந்தது. குழந்தைக்காரப் பெண் என் பக்கத்தில் வந்து நின்று, "நாளைக்கு லீவோ?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அது பொய் இல்லை. கணவன் பின்னாலேயே பிளாஸ்டிக் பையோடு போனான். கொஞ்ச நேரத்தில் கூடத்தில் காற்று மட்டும் போய் வந்துகொண்டிருந்தது, அப்போதும் நல்ல காற்று. போனை எடுத்துச் செயற்பொறியாளரைக் கூப்பிட்டேன். "உச்சிக் கண்ணாடி உடைஞ்சிருக்கு சார். காரணம் தெரியலை. கூடத்தை மூடிட்டேன்." "நல்லதும்மா" என்றார். அன்றைக்கே சொன்னோமே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அந்த ஆறுதலும் இல்லாமல் போனது. எனக்கு அழுகை வந்தது. அழுதேன், யாரும் இல்லையே, கொஞ்ச நேரம் அழுதால் என்ன. இந்தக் கூடத்தை மூட விடமாட்டேன் என்று ஊரோடு வம்பு வளர்த்தவள் கடைசியில் மூடினவளும் ஆனேன். துறையில் இனிப் பேசிக்கொள்வார்கள், பிரம்மசக்தி தானே மூடிட்டா என்று.

திரும்பினால் வடிவு அக்கா கூடத்துக்குள்ளேதான் நிற்கிறாள். நான் சிந்திய பொரியைப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள்.

"நீங்களும் வெளிய போங்க அக்கா."

"நான் பாக்க வந்தவளா மேடம்?" நிமிராமல் பெருக்கினாள். "எனக்கு என்ன ஆகப் போகுது."

"போங்க."

விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனாள். வாசல் படியைத் தாண்டி முற்றத்தில் இறங்கி, வெயிலில் நின்று, திரும்பினாள். அங்கிருந்து பார்த்தால் வளைவும் அதற்குக் கீழே நிற்கிற நானும் தெரிவோம். நான் அவளைக் கேட்டேன், கேட்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். "அக்கா, நிஜமா டிக்குன்னு சத்தம் கேட்டுச்சா?"

அவள் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"எனக்குத் தெரியல மேடம்" என்றாள். பிறகு குரலை உயர்த்தி, பார்வையாளர்களை அதட்டுகிற அதே குரலில், "எங்கள எல்லாம் வெளிய அனுப்பிட்டு நீங்க எதுக்கு அதுக்கு அடியில நிக்கிய? வெளிய வாங்க" என்றாள்.

நான் வெளியே வந்தேன்.